பூசணித் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு: எப்போது போவது, எந்தக் காயை எடுப்பது, வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது

நெய்தல்

வணக்கம். அக்டோபரில் கலிஃபோர்னியாக் கடலோரம் ஹாஃப் மூன் பே பக்கம் பூசணித் தோட்டம் போகத் திட்டம், ஹாலோவீனுக்கு (அக்டோபர் 31) முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கக் காய் எடுக்க. 2 குடும்பம், 3 வயதிலிருந்து 11 வயது வரை 4 பிள்ளைகள். சான் ஹோசேயிலிருந்து கிளம்புவோம். கேட்க நினைப்பவை:

எந்த வாரம், எந்த நேரம் நல்லது? செதுக்குவதற்கும் சாம்பார், கூட்டு வைப்பதற்கும் ஒரே காய் போதுமா? வாங்கி வந்த காய் ஹாலோவீன் வரை அழுகாமல் இருக்குமா?

எறும்புவரிசை

முதலில் ரோடு. 92-ம் எண் மலைப்பாதையில் பெரும்பகுதி ஒரு பக்கத்துக்கு ஒரே வரிசைதான். அக்டோபர் சனி, ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் அது நகராது. தோட்டம் திறக்கும் நேரத்துக்கே அங்கே இருப்பது போல் கிளம்புங்கள், மதியத்துக்குள் திரும்புங்கள். வடக்கே இருப்பவர்கள் பசிஃபிகா வழியாக 1-ம் எண் சாலையில் சுரங்கப்பாதை தாண்டி வரலாம். 2013-ல் அது திறந்த பிறகு அந்தப் பக்கம் மண்சரிவுப் பயம் குறைந்துவிட்டது. தெற்கிலிருந்து வருபவர்களுக்கு 84 உண்டு, ஆனால் வளைவு அதிகம். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

நாள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் 2-ம் திங்கள் ராட்சதப் பூசணி எடைப்போட்டி. அதை அடுத்து வரும் சனி, ஞாயிறு ஊர் பூசணித் திருவிழா. 1971-ல் தொடங்கியது, கூட்டம் மிகப் பெரியது. திருவிழாவுக்கே போவதென்றால் போங்கள். தோட்டத்தில் காய் பொறுக்குவதுதான் நோக்கம் என்றால் அந்த 2 நாளைத் தவிர்த்து, அக்டோபர் முதல் வாரம் ஏதாவது ஒரு வேலைநாளில் பள்ளி விட்டபிறகு போவது மேல். காயும் நிறைய இருக்கும், செதுக்காத காய் மாதக் கடைசி வரை தாராளமாகத் தாங்கும்.

குளிர்: சான் ஹோசேயில் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது கடலோரத்தில் மூடுபனியோடு 15, 16 இருக்கும். பிள்ளைகளை அரைக்கால் சட்டையில் கூட்டிப்போனால் அரைமணி நேரத்தில் காருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தோட்டக்காரி

காய் பற்றிச் சொல்கிறேன், ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

அங்கே பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், வரிவரியாகக் குவிந்து கிடப்பது செதுக்குவதற்கென்றே வளர்த்த ரகம். ஹௌடன் என்பது அதில் புகழ்பெற்றது, மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் உருவாக்கியது. தோல் உறுதியாக இருக்க வேண்டும், காம்பு தடியாக இருக்க வேண்டும், உள்ளே வெற்றிடம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ருசிக்காக அல்ல. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் சதை மெல்லியது, நீர்ச்சத்து அதிகம், நார் நாராக இருக்கும். கூட்டு வைத்தால் சப்பென்று தண்ணீராக ஓடும்.

நம்மூர் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, கொங்கில் சொல்லும் அரசாணிக்காய் இவையெல்லாம் தாவரவியலில் பெரும்பாலும் குக்குர்பிட்டா மோஸ்காட்டா என்ற இனம். ஹௌடன் குக்குர்பிட்டா பெப்போ. இரண்டும் வேறு வேறு இனம். நம்மூர் ருசி வேண்டுமென்றால் தோட்டத்தில் மோஸ்காட்டாவைத் தேடுங்கள். பட்டர்நட் அதில் ஒன்று. லாங் ஐலண்ட் சீஸ் என்று ஒன்று உண்டு, வெளிறிய சந்தன நிறம், தட்டையாக, பாலாடைக்கட்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். வரி ஆழமாக, முதிர்ந்தபின் பழுப்பு நிறத்தில் இருக்கும் பிரெஞ்சு ரகம் மஸ்கே டி ப்ரோவான்ஸ். இவை மூன்றும் கூட்டுக்கு நன்றாக வரும்.

ஒரு கூடுதல் தகவல்: அமெரிக்காவில் டப்பாவில் வரும் பூசணியில் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தில் விளைவது. டிக்கின்சன் என்ற ரகம், அதுவும் மோஸ்காட்டாதான். டப்பாவின் மேல் படத்தில் ஆரஞ்சு உருண்டை இருந்தாலும் உள்ளே இருப்பது நம்ம பரங்கியின் சொந்தக்காரர்.

கரிசல்மண்

> செதுக்குவதற்கும் சாம்பார், கூட்டு வைப்பதற்கும் ஒரே காய் போதுமா?

இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டாம். செதுக்கி வாசலில் வைத்த காயைச் சமைக்கக் கூடாது. வெட்டிய பழம் வெளியே ஓரிரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் பாக்டீரியா பெருகிவிடும், உள்ளே மெழுகு, சாம்பல் வேறு. செதுக்கும்போது எடுக்கிற விதையை மட்டும் அன்றைக்கே வறுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்தில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

காம்பு பச்சையாகவோ காய்ந்தோ இருக்கலாம், ஆனால் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. காம்பு ஒடிந்த இடம் திறந்த காயம். அங்கிருந்துதான் அழுகல் உள்ளே இறங்கும். பிள்ளைகள் காம்பைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், 2 கையையும் அடியில் கொடுத்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள்.

நகத்தால் தோலை அழுத்துங்கள். பதிந்தால் பிஞ்சு, பதியாவிட்டால் முற்றல்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். மண்ணில் படிந்த இடம் மஞ்சளாகவோ வெளிறியோ இருப்பது இயல்பு. அங்கே மெத்தென்று இருந்தாலோ, ஈரம் கசிந்தாலோ வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பல தோட்டங்களில் காய் வேறெங்கோ விளைந்து லாரியில் வந்து வயலில் பரப்பப்பட்டிருக்கும். காய்ந்த கொடி காயோடு கிடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் கொடி உள்ள வயலைத் தேர்ந்தெடுங்கள்.

எறும்புவரிசை

விலை சில இடத்தில் எடைக்கு, சில இடத்தில் அளவுக்கு. எடைக்கு என்றால் குழந்தை "இதுதான் வேணும்" என்று கட்டிப்பிடிப்பதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 30 செ.மீ. குறுக்களவு உள்ள உருண்டைக் காய் சுமாராக 8 முதல் 10 கிலோ, அதாவது 18 முதல் 22 பவுண்டு. 40 செ.மீ. என்றால் அதன் இரட்டிப்புக்கு மேல், ஏனென்றால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் கொள்ளளவு இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகும். பிள்ளைக்கு ஒரு டேப் கொடுத்து "இதுக்கு மேல வேண்டாம்" என்று முன்பே எல்லை வைத்தால் வயலில் அழுகை குறையும்.

3 வயதுப் பிள்ளைக்கு ஜாக் பி லிட்டில் என்ற உள்ளங்கை அளவு ரகம். தானே தூக்கும், கீழே போட்டாலும் உடையாது.

ஸ்ட்ரோலர் பெரிய சக்கரமாக இருக்கட்டும். சிறு பிளாஸ்டிக் சக்கரம் உழுத களிமண்ணில் சிக்கி நிற்கும். மழை பெய்த மறுநாள் எந்தச் சக்கரமும் போகாது, முதுகில் கட்டும் பைதான்.

வல்லைவெளி

கனடாவில இருந்து. எங்கட பக்கம் கணக்கு வேற, நன்றி தெரிவிக்கும் நாளே அக்டோபர் 2-ம் திங்கள்தான். ரொறொன்ரோவைச் சுத்தியிருக்கிற தோட்டங்கள் அந்த நீண்ட வார இறுதியிலதான் நிரம்பி வழியும். இலை நிறம் மாறுறதும் அதே நேரம்.

இங்க காயைக் கெடுக்கிறது உறைபனி. ஒரு இரவு உறைஞ்ச காய் வெளியில நல்லாத்தான் இருக்கும், இரண்டு மூண்டு நாளில தோலில தண்ணீர் கோத்த மாதிரித் திட்டு வந்து இளகிப் போகும். அதால அக்டோபர் நடுவுக்குப் பிறகு போனா, வயலில கிடக்கிறதை விட கொட்டகைக்குள்ள வைச்சிருக்கிறதை எடுக்கிறது நல்லம். வீட்டு வாசலில வைச்சாலும் உறைபனி அறிவிப்பு வந்தால் இரவுக்கு உள்ள எடுங்கோ.

நெய்தல்

நன்றி. மோஸ்காட்டா விஷயம் முற்றிலும் புதிது. கார்ன் மேஸ் (சோளக்கொல்லைப் புதிர்வழி), ஹே ரைடு (வைக்கோல் வண்டிச் சவாரி), ஆடு கோழி தொடும் இடம் எல்லாம் இருக்குமாம். சின்னப் பிள்ளைகளுக்கு எது ஆபத்து, எது பரவாயில்லை?

கரிசல்மண்

ஆபத்தில் முதலிடம் ஆட்டுக்குட்டிக்குத்தான், பார்க்க அதுதான் சாதுவாகத் தெரியும். கால்நடை உடம்பிலும் தரையிலும் வேலிக்கம்பியிலும் ஈ.கோலை கிருமி இருக்கலாம், விலங்கு ஆரோக்கியமாக இருந்தாலும். 5 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது சிறுநீரகம் வரை போகக்கூடும். விதி ஒன்றுதான்: தொட்டுவிட்டு வெளியே வந்த உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 வினாடி. சானிடைசர் போதாது, கையில் மண்ணும் சாணமும் இருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது, சில கிருமிகளை அது கொல்வதே இல்லை. அந்த அடைப்புக்குள் பால் பாட்டில், சூப்பான், தின்பண்டம் எதுவும் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது ஆப்பிள் சைடர். பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டியிருந்தால் அது சூடாக்காத பச்சைச் சாறு. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். வாங்கிவிட்டால் வீட்டில் கொதிக்கவிட்டு, பட்டை, ஏலக்காய் போட்டுக் குடிக்கலாம்.

ஹே ரைடில் வைக்கோல் தூசி. ஆஸ்துமா பிள்ளை இருந்தால் பம்ப் கையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. கால் வண்டிக்கு வெளியே தொங்கக் கூடாது, நிற்கும்வரை யாரும் எழக் கூடாது. சோளமணித் தொட்டியில் விளையாடிய பிள்ளையின் காது, மூக்கு, ஷூ மூன்றையும் அன்றே பாருங்கள்.

எறும்புவரிசை

கார்ன் மேஸ்: ஹாஃப் மூன் பேயிலும் உண்டு, ஆனால் 11 வயதுக்காரருக்குச் சவால் வேண்டுமென்றால் டிக்சன் போகலாம், 80-ம் எண் சாலையை ஒட்டி. அங்கே கூல் பேட்ச் பம்ப்கின்ஸ் தோட்டத்தின் சோளப்புதிர் 2014-ல் 60 ஏக்கரோடு உலகிலேயே பெரியது என்று கின்னஸில் பதிவானது. அங்கே 3 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நுழையாதீர்கள். பெரியவர் ஒருவர் 11 வயதுக்காரரோடு, மற்றவர் சிறியவர்களோடு வெளியே.

"வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் போ" என்ற தந்திரம் எல்லா மேஸிலும் வேலை செய்யாது. நடுவில் தனித்தீவாக நிற்கும் சுவரைத் தொட்டுத் தொடங்கினால் அதையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். நுழைவாயிலில் இருந்தே தொடங்கி, வெளியேறும் வழி வெளிச்சுவரில் இருந்தால்தான் அது பலிக்கும். வரைபடம் கொடுப்பார்கள், நுழையும்போதே திசையைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முழுக்கை சட்டை அவசியம். காய்ந்த சோளத்தோகை கையைக் கீறும், சின்னப் பிள்ளைகளுக்கு அது முக உயரத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளே போகுமுன் கழிப்பறை.

தோட்டக்காரி

எடைப்போட்டி பற்றி மேலே வந்ததால்: அந்தத் திங்கள் காலை உங்களால் முடிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே வருவது அட்லாண்டிக் ஜயன்ட், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹவர்ட் டில் வளர்த்தெடுத்த ரகம். குக்குர்பிட்டா மாக்ஸிமா, மூன்றாவது இனம். 2023-ல் ஹாஃப் மூன் பேயில் மினசோட்டாவின் ட்ராவிஸ் கீங்கர் கொண்டுவந்தது 2,749 பவுண்டு, சுமார் 1,247 கிலோ, அப்போதைய உலக சாதனை.

பார்க்கத் தகுந்தது எடை மட்டும் அல்ல. பட்டைகளை வளையமாகக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கும்போது நடுவர் அடியில் குனிந்து ஓட்டை தேடுவார். விரிசலோ அழுகலோ உள் வெற்றிடம் வரை போயிருந்தால் போட்டியிலிருந்து நீக்கம், எத்தனை கிலோ இருந்தாலும். அதனால்தான் வளர்ப்பவர்கள் காயைச் சுற்றி நிழல் கட்டுகிறார்கள்: வெயிலில் தோல் முந்தி இறுகினால் உள்ளே சதை வேகமாகப் பெருகும்போது பிளந்துவிடும். உச்ச வாரங்களில் ஒரே நாளில் 15, 20 கிலோ ஏறும். ஒரு செடியில் ஒரே காய், மற்ற பிஞ்சையெல்லாம் கிள்ளிவிடுவார்கள். உருண்டையாக இல்லாமல் சரிந்து படுத்திருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்: தன் எடையைத் தானே தாங்க முடியாமல் வளரும்போதே அமுங்குகிறது.

அடுப்படி

செதுக்கும் பகுதிக்கு வருகிறேன்.

மேலே மூடி வெட்டாதீர்கள். அடியில் அல்லது பின்பக்கம் வட்டமாக வெட்டுங்கள். மேலே வெட்டினால் காம்புக்கும் காய்க்கும் இணைப்பு போய், ஓரம் சுருங்கி, 2 நாளில் மூடி உள்ளே விழும். அடியைத் திறந்தால் காயைத் தூக்கி விளக்கின் மேல் கவிழ்க்கலாம், கையை உள்ளே விட்டுத் தீக்குச்சி உரச வேண்டாம். மேலேதான் வெட்டுவேன் என்றால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், மூடி கூம்பாக உட்காரும்.

முகம் வரும் பக்கத்தின் உள்சுவரைச் சுரண்டி 2.5 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் இருந்தால் ரம்பம் சிக்கும், மிக மெலிந்தால் பல் போல் விட்ட துண்டெல்லாம் மடங்கும். சமையல் கத்தி வேண்டாம், சிக்கினதும் இழுக்கும்போதுதான் கை வெட்டுப்படும். பல் வைத்த சிறு ரம்பக் கத்தி போதும், 8 வயதுக்கு மேல் பெரியவர் பக்கத்தில் இருக்க. சின்னவர்களுக்கு விதை அள்ளும் வேலை, பெயின்ட் வேலை. தோலில் பெயின்ட் மட்டும் அடித்து வெட்டாமல் விட்டால் அந்தக் காய் வாரக்கணக்கில் நிற்கும்.

எப்போது செதுக்குவது? ஹாலோவீனுக்கு 2 நாள் முன், 29-ம் தேதி. பே ஏரியா வெயிலில் செதுக்கிய காய் 3 முதல் 5 நாள்தான்.

வல்லைவெளி

வெட்டின ஓரத்தில வாசலின் பூசினால் காயாது எண்டு சொல்லுவினம், சரியோ?

அடுப்படி

ஈரம் போவதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பசை எரியும். வாசலின் பூசினால் பேட்டரி மெழுகுவர்த்தி மட்டும், தீ வேண்டாம். பூஞ்சைக்கு எதிராக நன்றாக வேலை செய்வது ப்ளீச்: 1 கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி. உள்ளேயும் வெட்டுமுனையிலும் தெளித்து, கவிழ்த்து, முழுதும் காயவிட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் இன்னும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வினிகரோடு கலக்கவே கூடாது. ப்ளீச் பட்ட காயை அணிலுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள்.

விதை: 2 கப் விதையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் நார் பிரிந்து விதை மிதக்கும். 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்பு, 10 நிமிடம் கொதிக்கவிட்டால் உப்பு உள்ளே இறங்கும், ஓடும் மொறுமொறுப்பாகும். துணியில் உலர்த்துங்கள், டிஷ்யூவில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். 2 தேக்கரண்டி எண்ணெய் புரட்டி, 160 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம், இடையில் இரண்டு முறை கிளறி. மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை கடைசி 3 நிமிடத்தில்தான், முன்பே போட்டால் கருகும். 4 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கடையில் வரும் பச்சை நிற, ஓடில்லாத விதை இந்தக் காயிலிருந்து வராது. ஓடே இல்லாமல் விளையும் ரகம் அதற்கு உண்டு.

கூட்டுக்கு: பட்டர்நட் 500 கிராம் துண்டுக்கு அரை கப் தண்ணீருக்கு மேல் வேண்டாம், மூடிவைத்து 8 முதல் 10 நிமிடம். நம்மூர் பரங்கியை விட இனிப்பு, ஆகவே வெல்லம் சேர்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பச்சை மிளகாய் ஒன்று கூட்டுங்கள். காரக்குழம்புக்குக் கபோச்சா என்ற ஜப்பானியப் பூசணி நன்றாக இருக்கும். சதை மாவாக, கரையாமல் நிற்கும், தோலோடு போடலாம்.

தோட்டக்காரி

முக்கியமான எச்சரிக்கை விட்டுப்போனது. தோட்டத்தில் கூடைகூடையாக, முள்ளும் முடிச்சும் வரியுமாக வண்ண வண்ணமாக விற்கும் அலங்காரச் சுரைகள் சமைப்பதற்கல்ல. அவற்றில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு அதிகம் இருக்கலாம், வேகவைத்தாலும் போகாது, கடும் வாந்தி பேதி வரும். நமக்குப் பாகற்காய் பழக்கம் இருப்பதால் கசப்பைக் கண்டு பயப்படுவதில்லை, அதுதான் இங்கே சிக்கல். பூசணி, சுரை வகை எதுவானாலும் சமைக்கும் முன் பச்சையாகச் சிறு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். உப்புப் போட்டுப் பிழிந்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேமிப்பு: செதுக்காத காய்க்கு 10 முதல் 13 டிகிரி, காற்றோட்டம், ஒன்றையொன்று தொடாமல். ஃப்ரிட்ஜ் வேண்டாம், 10-க்குக் கீழே குளிர்க்காயம் வரும். சிமென்ட் தரையில் நேராக வைத்தால் அடியில் ஈரம் கோத்து அழுகும், கீழே அட்டை போடுங்கள். தெற்கு பார்த்த வெயில் திண்ணையும் கூடாது. இப்படி வைத்தால் பட்டர்நட் பொங்கல் வரை நிற்கும், படையலுக்கு ஆகும்.

வல்லைவெளி

ஹாலோவீன் முடிஞ்ச பிறகு: ரொறொன்ரோவில நவம்பர் 1 இரவு பூசணி ஊர்வலம் எண்டு பூங்காக்களில வைக்கினம். 2004-ல சொரோரன் பூங்காவில தொடங்கினது. செதுக்கின காயைக் கொண்டுபோய்ப் பாதையோரம் வரிசையா வைச்சு விளக்கேத்தினால், பிள்ளையள் மற்றவையின்ர காயையும் ஒருக்காப் பாக்கலாம். பிறகு நகரசபை எடுத்து உரமாக்கும். மெழுகு, பேட்டரி, கம்பி எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வையுங்கோ.

கரிசல்மண்

கலிஃபோர்னியாவில் 2022 முதல் கரிமக் கழிவைத் தனியாகப் பிரிக்கச் சட்டம் உண்டு, பச்சைத் தொட்டியில் போடுங்கள். பெயின்ட், மினுக்குத்தூள் பூசியது பச்சைத் தொட்டிக்கு ஆகாது. பின்புறக் காட்டில் எறிய வேண்டாம், ரக்கூன் வாசல் வரை வரப் பழகிவிடும்.

நெய்தல்

கடைசியாக ஒன்று. பெரியவள் விதையை எடுத்துவைத்து அடுத்த வருடம் தோட்டத்தில் போட வேண்டும் என்கிறாள். செதுக்கிய காயின் விதை முளைக்குமா?

தோட்டக்காரி

முளைக்கும், ஆனால் அதை நடாதீர்கள். ஹௌடனும் அலங்காரச் சுரையும் சீமைச் சுரைக்காயும் ஒரே இனம். பக்கத்து வயலில் அவை இருந்தால் தேனீ மகரந்தம் மாற்றியிருக்கும், இந்த வருடக் காயில் அது தெரியாது, அடுத்த வருடச் செடியில் கசப்புக் காயாக வரலாம். பட்டர்நட் விதையை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மோஸ்காட்டா எளிதில் அவற்றோடு கலக்காது, அது நமக்குப் பாதுகாப்பு. முதல் காயிலும் அந்தப் பச்சைத் துணுக்குச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கழுவி, நிழலில் 2 வாரம் உலர்த்தி, வளைத்தால் ஒடியும் பதம் வந்ததும் காகித உறையில். விதைக்கும்போது மண் சூடு 18 டிகிரிக்கு மேல், 2.5 செ.மீ. ஆழம், ஒரு குழியில் 3 விதை, பிறகு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். முதலில் பூப்பது ஆண் பூதான், காய் பிடிக்கவில்லை என்று கவலை வேண்டாம். அடியில் குட்டிக் காயோடு வரும் பெண் பூ ஓரிரு வாரம் கழித்து வரும். முற்ற 100 முதல் 110 நாள் ஆகும். அக்டோபர் தொடக்கத்தில் பறிக்க ஜூன் நடுவுக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.